வந்திகாவின் இருபது நகர்த்தல்கள்

2024 புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாட், பெண்கள் பிரிவு, ஏழாவது சுற்று. ஜார்ஜியாவின் பெல்லா கோட்டனாஷ்விலியை இந்தியாவின் வந்திகா அகர்வால் வீழ்த்திய ஆட்டம் பலராலும் கொண்டாடப்பட்டது. கடிகாரத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் மிச்சம், நாற்பதாவது நகர்த்தலுக்கு இன்னும் இருபது பாக்கி, எதிரே கிராண்ட்மாஸ்டர். கொண்டாட்டம் நியாயமே. ஆனால் எதற்காகக் கொண்டாடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

ஒலிம்பியாட்டில் முதல் நாற்பது நகர்த்தலுக்கு 90 நிமிடம், கூடவே ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி. கையிருப்பு வற்றினாலும் அந்த அரை நிமிடம் வந்துகொண்டே இருக்கும். அதற்குள் கணக்குப் போட வேண்டும், காயை வைக்க வேண்டும், கடிகாரத்தை அழுத்த வேண்டும், தாளில் குறிக்கவும் வேண்டும். நேர நெருக்கடி என்று சொல்லி எழுதாமல் விட முடியாது. அடுத்தடுத்து இருபது முறை இதைச் செய்து, ஆட்டத்தையும் வெல்வது அசாத்தியமான மனத்திடம். அதே சமயம், பாதி ஆட்டத்துக்குள் ஏறக்குறைய நூறு நிமிடங்களைக் கரைத்தவரும் வந்திகாதான். தனிநபர் போட்டியில் அது அவர் பாடு. அணிப் போட்டியில் மற்ற மூவரின் உழைப்பும் அந்தக் கடிகாரத்தில் தொங்குகிறது.

அன்று அந்த மூவரில் வைஷாலி, லேலா ஜவாகிஷ்விலியை வென்றார். ஹரிகாவும் திவ்யாவும் டிரா செய்தனர். வந்திகா டிரா செய்திருந்தாலும் அணிக்கு வெற்றிக்கான அதே இரண்டு புள்ளிகள்தான். தோற்றிருந்தால் 2-2, ஒரு புள்ளி நஷ்டம். கடைசியில் இந்தியா தங்கம் வென்றது 19 புள்ளிகளில், கஜகஸ்தானுக்கு 18. ஒரு முடிவு மாறினால் அடுத்த சுற்றுகளின் எதிரணிகளும் மாறியிருக்கும், உண்மைதான். ஆனாலும் அந்த ஒரு புள்ளியின் மதிப்பு குறையாது.

இரண்டு சுற்று தள்ளிப் பாருங்கள். எட்டாவது சுற்றில் போலந்திடம் தோற்ற அணி, ஒன்பதாவதில் அமெரிக்காவைச் சந்தித்தது. வைஷாலி தோற்றார், இரண்டு பலகைகள் டிரா. இரினா க்ருஷை வந்திகா வென்றதால்தான் 2-2. அங்கே டிரா போதாது. வெற்றி மட்டுமே அணியைக் காப்பாற்றியிருக்கும்.

நான்காம் பலகையில் 9 ஆட்டங்களில் 7½ புள்ளி எடுத்து வந்திகா தனிநபர் தங்கமும் பெற்றார். அந்த வெற்றிகளில் க்ருஷுடன் ஆடியதற்கே முதலிடம் தருவேன். கோட்டனாஷ்விலி ஆட்டத்தின் கடைசி இருபது நகர்த்தல்கள் முதல் தரம். முழு ஆட்டமாக எடுத்துக்கொண்டால் அதற்கு இரண்டாம் இடம்தான்.