குறை எந்த முனையில்? வீட்டுக் கணினியில் வீடியோ அழைப்பு

வீட்டுக் கணினியில் வீடியோ அழைப்பு சரியாக அமையாதபோது நம்மவர்கள் முதலில் பழி சுமத்துவது கேமராவின்மீது. அடுத்தபடியாக, இணைய இணைப்புத் தந்த நிறுவனத்தின்மீது. புதுக் கேமரா வாங்கியும், அதிக வேகமுள்ள திட்டத்துக்கு மாறியும் பணத்தைச் செலவிட்ட பின்னரும் படம் உறைந்து நிற்பதும் குரல் துண்டு துண்டாக வருவதும் நீங்காத வீடுகள் பல. காரணம், இந்தச் சம்பாஷணையில் குறை தென்படும் இடம் ஒன்று, குறை குடியிருக்கும் இடம் வேறொன்று. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முறையையும், அதற்குச் சாதனங்களும் செயலிகளும் எவ்வளவு தூரம் துணை நிற்கின்றன என்பதையும் நேரில் பரீட்சித்துப் பார்த்ததன் பலனை இங்கே எழுதுகிறேன்.

பரீட்சைக்கு எடுத்துக்கொண்டது சாதாரணக் குடும்பங்களில் காணக்கூடிய அமைப்புத்தான். சென்னையில் ஒரு வீட்டின் உள்ளறையில், விண்டோஸ் 11 ஓடும் மேசைக் கணினி, அதன் திரைமேல் பொருத்திய லாஜிடெக் சி270 வெப்கேம், வயருள்ள ஹெட்செட் ஒன்று, புளூடூத் ஹெட்செட் ஒன்று, கூடத்தில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைவரிசைகளிலும் இயங்கும் வைஃபை ரவுட்டர். மறுமுனையில், டொராண்டோவில் வசிக்கும் என் அண்ணன் மகளின் மடிக்கணினி. ஜூம், கூகுள் மீட், ஜிட்சி மீட் ஆகிய மூன்றிலும் மாறி மாறிப் பேசிப் பார்த்தோம்.

படமே வராத நிலை பெரிய விபரீதமாகத் தோன்றினாலும் பரிகாரத்தில் மிகவும் எளியது. முதலாவதாகச் சாதனத்தைப் பார்க்க வேண்டும்: மடிக்கணினியாயின் கேமராவின் முன் உள்ள சிறு மூடி இழுத்து விடப்பட்டிருக்கிறதா, தனிக் கேமராவாயின் அதன் வயர் ஹப்பில் தொங்காமல் கணினியின் யுஎஸ்பி துளையிலேயே செருகப்பட்டிருக்கிறதா என்பது. இரண்டாவதாக, விண்டோஸ் செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குள் கேமராவுக்கும் மைக்குக்கும் தனித்தனியே உள்ள அனுமதிகள். அவற்றிலும் டெஸ்க்டாப் செயலிகளுக்கென்று கீழே தனியாக உள்ள பொத்தானைப் பலர் கவனிப்பதில்லை. மூன்றாவதாக, பிரௌசர் வழியே பேசுவோர் முகவரிப் பட்டையின் இடது ஓரத்திலுள்ள சிறு குறியைத் தட்டி, அந்தத் தளத்துக்குக் கேமரா மறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இவை அனைத்தும் சரியாக இருந்தும் படம் இருளாகவே இருக்குமானால், முன்பு திறந்த வேறொரு செயலி கேமராவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்; அதை மூடினால் படம் வந்துவிடுவதே வழக்கம்.

படம் வந்தும் தெளிவின்றி இழுத்து இழுத்து நகரும் நிலைதான் மனிதரை அதிகமாக ஏமாற்றுவது. சி270 நொடிக்கு 30 படங்கள் எடுக்க வல்லது. ஆனால் அறையில் வெளிச்சம் போதாதபோது, கேமராக்கள் ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் ஒளியைச் சேகரிக்கத் தலைப்படுவதால், எண்ணிக்கை 15-க்கும் கீழே இறங்கிவிடக்கூடும். கையை அசைத்தால் கை மங்கலாக நீள்கிறது. பார்ப்பவரோ, ‘நெட் ஸ்லோ’ என்கிறார். இதனினும் நுட்பமான விஷயம் ஒன்று உண்டு: மங்கலான ஒளியில் படம் முழுவதும் பொடிப்பொடியான புள்ளிகள் படர்கின்றன; புள்ளிகள் படர்ந்த படத்தைச் சுருக்கி அனுப்புவது கடினம்; ஆகவே அதே அளவு தரவில் முகத்தின் தெளிவு குறைந்து போகிறது. முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலின் திரையை மூடி, மேசை விளக்கைச் சுவரின் பக்கம் திருப்பி, அதன் ஒளி சுவரில் பட்டு முகத்தில் விழும்படி வைத்தபோது, கேமராவையோ இணைப்பையோ தொடாமலே டொராண்டோவில் படம் சீராயிற்று.

விளக்கைப் பற்றி இன்னொன்றும் கூற வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால், பழைய சோக் உள்ள டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்குகள் சிலவும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கி ஒளிர்கின்றன. கேமரா 60 ஹெர்ட்ஸுக்கென்று அமைக்கப்பட்டிருந்தால், திரையில் கரும்பட்டைகள் மேலிருந்து கீழாக ஊர்ந்துகொண்டே இருக்கும். கேமரா பழுதாகிவிட்டதென்று எண்ணுவோர் உண்டு. கேமரா செயலியின் அமைப்புகளில் இதை 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றிய மாத்திரத்தில் பட்டைகள் மறைந்துவிடுகின்றன.

முகம் மங்கினாலும் பேச்சு நடக்கும். குரல் கெட்டால் அழைப்பே வீண். எனவே குரலின் பரிசோதனையை எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதினேன். ஸ்பீக்கரை உரக்க வைத்து ஹெட்செட் இன்றிப் பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில் அண்ணன் மகள், “சித்தப்பா, நான் பேசுறது எனக்கே திரும்பக் கேக்குது, என் மைக்லதான் ஏதோ கோளாறு போல” என்றாள். “உன் மைக்கைத் தொடாதேம்மா. நான் என்னுடையதை அணைக்கிறேன், நீ பேசு” என்று சொல்லி அணைத்தேன். எதிரொலி அக்கணமே நின்றது. அவளுடைய குரல் என் ஸ்பீக்கரில் ஒலித்து, என் மைக்கில் நுழைந்து, அவளிடமே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கேட்டவள் அவள், காரணம் என் மேசை. தன் குரலே தனக்குத் திரும்பக் கேட்பவர் தம் கணினியைக் குடைந்து பயனில்லை. மறுமுனையில் இருப்பவரை மைக்கை ஒரு நிமிஷம் அணைக்கச் சொல்வதே பரீட்சை, ஹெட்செட் அணியச் சொல்வதே நிவாரணம். செயலிகள் எதிரொலியைத் தாமே அழிக்க முயல்கின்றன என்பது உண்மை. ஆனால் ஸ்பீக்கர் மிக உரக்க இருக்கையிலும், அறை வெறுஞ்சுவராக இருக்கையிலும் அம்முயற்சி முழுப் பலன் தருவதில்லை.

ஹெட்செட்டிலும் வயருள்ளதையே சிபாரிசு செய்கிறேன். பாட்டுக் கேட்கையில் இனிமையாக ஒலிக்கும் புளூடூத் ஹெட்செட், அதன் மைக்கையும் உபயோகிக்கத் தொடங்கியவுடன் தொலைபேசிக்குரிய வேறொரு முறைக்கு மாறிக்கொள்கிறது. ஒலி ஒற்றைத் தடமாகக் குறுகிக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகிறது. இது பழுதன்று, அம்முறையின் இயல்பு. புளூடூத்தில் கேட்டுக்கொண்டு, மைக்காக வெப்கேமில் உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் பெருமளவு சரியாகிறது; வயருள்ள ஹெட்செட்டிலோ இந்தத் தொல்லையே இல்லை.

இனி இணைப்பு. ஒரு வழியில் குரல் சென்றடைய 150 மில்லிநொடிக்கு மேற்படாதிருப்பதே நல்ல உரையாடலுக்கு உகந்தது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை கூறுகிறது. சென்னைக்கும் டொராண்டோவுக்கும் இடையே நேர்க்கோட்டிலேயே சுமார் 13,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால், 65 மில்லிநொடியை அந்தத் தூரமே எடுத்துக்கொள்கிறது. கடலடிக் கம்பிகள் வளைந்து செல்லும் வழியையும் சேர்த்தால் இன்னும் அதிகம். அந்தச் செலவை நம்மால் குறைக்க முடியாது. எஞ்சிய சொற்ப நேரத்தை நம் வீட்டுக்குள்ளேயே விரயமாக்காதிருப்பதுதான் நம் கையில் உள்ளது.

வீட்டுக்குள் நேரும் விரயத்தை அளக்க விண்டோஸிலேயே கருவி இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பிங் என்ற கட்டளையை ரவுட்டரின் முகவரிக்கு அனுப்பிப் பார்த்தேன். உள்ளறையில், இரண்டு சுவர்களுக்கு இப்பால், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பதில்கள் 3, 4 மில்லிநொடிகளில் வந்துகொண்டிருந்து, திடீரென்று 180 ஆக எகிறி, மீண்டும் 5 ஆக விழுந்தன. இடையிடையே பதிலே வராமலும் போயிற்று. கூடத்து ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்துச் செருகியதும், அத்தனை வரிகளும் ஒரு மில்லிநொடிக்குக் குறைவு என்று காட்டின. சராசரி வேகம் அன்று, இந்தத் தாறுமாறான ஏற்ற இறக்கமே குரலைத் துண்டாக்குவது. கேபிள் இழுக்க முடியாத வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதும், கணினியை ரவுட்டருக்கு அருகே கொண்டுவருவதும் ஓரளவு பலன் தரும்.

ஜூம் செயலியில் இருவர் 720 வரித் தெளிவில் பேசுவதற்குச் சுமார் 1.2 மெகாபிட் போதும் என்றிருக்க, 100 மெகாபிட் திட்டம் வைத்திருப்பவரும் தவிப்பது ஏன்? விளம்பரத்தில் முன்னிற்பது இறங்கும் வேகம். நம் முகமும் குரலும் வெளியே செல்வதோ ஏறும் வழியில். அவ்வழியில் அதே சமயம் வீட்டிலுள்ள ஒரு கைப்பேசி புகைப்படங்களையெல்லாம் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தால், ரேஷன் கடையில் மூட்டை மூட்டையாக வாங்குபவருக்குப் பின்னால் ஒரு படி அரிசிக்கு வந்தவர் நிற்க நேர்வது போல, குரலின் சிறு பொட்டலங்கள் அந்தப் படங்களுக்குப் பின்னால் காத்து நிற்கின்றன. அந்த ஏற்றத்தை நிறுத்திவைப்பதே உடனடி நிவாரணம். அதுவும் போதாதபோது நம் வீடியோவை மட்டும் அணைத்துவிடலாம். குரலுக்கு வேண்டியது சில பத்துக் கிலோபிட்டுகளே.

செயலிகளைப் பற்றி என் அபிப்பிராயம்: குறை எந்த முனையில் என்று காட்டுவதில் ஜூம் சிறந்து நிற்கிறது. அதன் அமைப்புகளில் உள்ள புள்ளிவிவரப் பகுதி, தாமதத்தையும் இழந்த பொட்டலங்களின் விகிதத்தையும், அனுப்புவதற்கு வேறாகவும் பெறுவதற்கு வேறாகவும் நடக்கும் அழைப்பிலேயே காட்டுகிறது. அனுப்பும் பத்தியில் இழப்பு ஏறினால் முதலில் நம் வீட்டைத்தான் சோதிக்க வேண்டும். இலவசக் கணக்கில் 40 நிமிஷ வரம்பு இருப்பது நெடுநேரம் பேசும் குடும்பங்களுக்குச் சௌகரியக் குறைவு. கூகுள் மீட், ஒன்றும் நிறுவாமல் பிரௌசரிலேயே திறப்பதாலும், இருவர் மட்டும் பேசுவதற்கு அந்த நெருக்கடி இல்லாததாலும், முதியோருக்கு உகந்தது. ஜிட்சி மீட், மூல நிரல் பகிரங்கமாக உள்ள செயலியை விரும்புவோருக்கு நல்ல துணை.

சி270 தன் வேலையை நிறைவாகச் செய்கிறது. இருவர் முகம் பார்த்துப் பேச இதற்கு மேல் அவசியமில்லை. நிலைத்த குவியம் கொண்டதாதலால் கடிதத்தையோ மாத்திரை அட்டையையோ அருகே பிடித்துக் காட்டினால் எழுத்து மங்கும். அத்தகைய தேவை உள்ளவர்கள் தானாகக் குவியம் மாற்றும் கேமராவைத் தேடலாம். மற்றவர்கள் பணத்தைச் செலவிட வேண்டிய வரிசை இதுவே: முதலில் லேன் கேபிள், அடுத்து வயருள்ள ஹெட்செட், பிறகு மேசை விளக்கு, கேமரா அதற்கும் பின்னால், பெரிய இணையத் திட்டம் எல்லாவற்றுக்கும் கடைசியில். இவற்றுள் முதல் மூன்றையும் இரு முனைகளிலும் செய்ய வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன். ஏனெனில் நாம் வாங்கும் ஹெட்செட்டின் நன்மையை முதலில் அனுபவிப்பவர் மறுமுனையில் இருப்பவர், நமக்கு வேண்டிய நன்மையோ அவர் வாங்கும் ஹெட்செட்டில் இருக்கிறது.