மேல்தளத்திலிருந்து எடுத்த படம்

'வண்டி வாகனத்தைப் படம் எடுக்கிறதுல என்னய்யா அரசியல் இருக்கு? எதைத் தொட்டாலும் அதிகாரம், சொல்லாடல்னு ஆரம்பிச்சுடுறீங்க' என்று நண்பர் ஒருவர் சலித்துக்கொண்டார். போகிற ஊரெல்லாம் படகு, ரயில் எஞ்சின், விமானம், பழைய பஸ் என்று எடுத்துத் தள்ளுகிறவர் அவர். நானும் அந்த ரகம்தான். எனவே இதை அடுத்தவர் மீதான குற்றப்பத்திரிகையாக எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை.

இந்தப் பழக்கத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு, நன்னூலார் எழுதாதது. வண்டி பக்கவாட்டில் முழுசாகத் தெரிய வேண்டும். வெயில் நம் முதுகில் விழ வேண்டும். பதிவெண்ணைப் படிக்க முடிய வேண்டும். குறுக்கே ஆள் வரக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் எனக்கு உறுத்துகிறது. மனிதர்களைச் சுமப்பதற்கென்றே உண்டான பொருள், மனிதர்களைக் கழித்த பிறகே 'சுத்தமான' படமாகிறது. கட்டிய தச்சர், எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவர், மூட்டையோடு ஏறுகிறவர் எல்லோரும் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள். பண்டத்தைப் பார்க்கையில் உழைப்பு மறைந்துபோகும் என்று மார்க்ஸ் சொன்னதற்கு இதைவிடச் சுலபமான உதாரணம் வேண்டுமா?

ஆள் இருக்கும் படம் என்றால் மட்டும் சரியாகிவிடுமா என்பது அடுத்த கேள்வி. 1907-இல் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் கப்பல் பயணத்தில் எடுத்த 'தி ஸ்டீரேஜ்' படத்தை இங்கே எடுத்துக்கொள்ளலாம். ஸ்டீரேஜ் என்பது ஆகக் குறைந்த கட்டணத்தில் ஏழைகள் நெருக்கியடித்துப் போகும் பகுதி. ஸ்டீக்லிட்ஸ் 'கைசர் வில்ஹெல்ம் II' கப்பலில் முதல் வகுப்புப் பயணி. சக பணக்காரர்களின் அலட்டல் பொறுக்காமல் தளத்தின் நுனிவரை நடந்து கீழே எட்டிப் பார்த்ததாகப் பல வருடம் கழித்து அவரே எழுதினார். அங்கே அவர் கண்ணில் பட்டவை ஒரு வட்டமான வைக்கோல் தொப்பி, சாய்ந்த புகைபோக்கி, எதிர்ப்பக்கம் சாய்ந்த படிக்கட்டு, ஒருவன் முதுகில் குறுக்காக ஓடும் வெள்ளைக் கால்சட்டை வார். அறைக்கு ஓடிப்போய் கேமராவை எடுத்து வருகிறார். மிச்சமிருந்தது ஒரே ஒரு கண்ணாடித் தகடு. 1911-இல் தான் நடத்திய 'கேமரா வொர்க்' இதழில் படத்தை வெளியிட்டார். அவரும் சிறுபத்திரிகைக்காரர் என்பதால் நமக்குக் கொஞ்சம் பாசம் சுரக்கத்தான் செய்யும்.

ஆனால் அந்தப் படம் பிற்பாடு என்னவாக ஆனது? அமெரிக்காவை நாடி வந்த ஏழைக் குடியேறிகளின் சின்னமாக. கப்பலோ அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. படத்தில் நிற்பவர்கள் திரும்பிப் போகிறவர்கள். திரும்பிப் போகும் பயணம் ஒன்று நம்பிக்கையின் பிரதியாக வாசிக்கப்பட்டுவிட்டது. கப்பல் எந்தத் திசையில் போகிறது என்று படம் சொல்லாது. எழுதி ஒட்டுகிற வாசகம்தான் சொல்லும், பொய்யாகவும் சொல்லும்.

ஆலன் செகூலா 1975-இல் எழுதிய கட்டுரையில் இந்தப் படத்தையும் லூயிஸ் ஹைன் எடுத்த குடியேறிகள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்டீக்லிட்ஸ் எப்படிக் 'கலை' ஆக்கப்பட்டார் என்று பிரித்துப் போட்டார். அவர் வாதத்தோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் படத்தின் நடுவே குறுக்காக ஓடும் அந்த வெள்ளைப் பாலத்தை இன்னொரு தடவை பாருங்கள். மேலே தொப்பி போட்ட ஆண்கள், கீழே சால்வை போர்த்திய பெண்கள், குழந்தைகள், உலரப் போட்ட துணிகள். நடுவில் வெளேர் என்று காலியாகப் பாலம். ஸ்டீக்லிட்ஸுக்கு அது ஒரு கோடு. நமக்கு அது வர்க்கப் பிரிவினையின் வெட்டுமுகம். ஆசிரியன் வடிவம் என்று நினைத்து வைத்ததை வைத்தே அவன் நின்ற இடத்தையும் கண்டுபிடித்துவிடலாம். அவன் மேலே நிற்கிறான், இறங்கவில்லை. படைப்பாளி சொன்னதோடு வாசிப்பை முடித்துக்கொள்ளும் நம்ம ஊர் விமர்சகர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மேலேயிருந்து பார்ப்பது கலைஞனோடு நிற்பதும் இல்லை. 2001 அக்டோபரில் ஆஸ்திரேலியக் கடற்படை, அகதிகள் வந்த ஒரு மரப்படகை மறித்தது. அவர்கள் பிள்ளைகளைக் கடலில் வீசினார்கள் என்று அமைச்சர்கள் சொன்னார்கள், ஆதாரமாகப் படங்களும் வெளியாயின. படங்கள் உண்மையானவைதான். ஆனால் மறுநாள் படகு மூழ்கியபோது மக்களைக் கப்பற்படையினர் நீரிலிருந்து மீட்டதைக் காட்டியவை அவை. தேதி கழன்றது, வாசகம் மாறியது, தேர்தல் நடந்தது, அரசு மீண்டும் வென்றது. அப்படிப் பிள்ளைகள் யாரும் வீசப்படவில்லை என்று செனட் விசாரணை 2002-இல் சொன்னது, ஆறிப்போன கஞ்சி. படகில் இருந்தவர்கள் கையில் இருந்த கேமராவிலிருந்து ஒரு படம் அப்போது செய்தித்தாளில் வந்திருந்தால்?

அதே 2001 நவம்பரில் கிரேக்கத்தின் கலமாட்டா விமானதளம் அருகே, பொழுதுபோக்காக விமானம் பார்த்துக் குறிப்பெடுக்கும் பிரிட்டிஷ், டச்சுக்காரர்கள் 14 பேர் உளவாளிகள் என்று பிடிபட்டார்கள். 2002 ஏப்ரலில் தண்டனை, நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை. பிரிட்டிஷ் பத்திரிகைகள் கொதித்தன. நியாயம்தான். ஆனாலும் என் நண்பருக்கு ஒன்று சொல்லலாம்: வாகனப் படத்தில் அரசியல் இல்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள், எந்த அரசும் அப்படி நினைக்கவில்லை. நம்முடைய 1937-ஆம் வருட விமான விதிகளிலேயே படம் எடுக்கத் தடை போட்ட விதி ஒன்று உண்டு.

ராமேஸ்வரம் கடற்கரையில் நான் எடுத்த விசைப்படகுப் படங்கள் இருநூறுக்குமேல் இருக்கும். ஒருமுறை வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து, 'தம்பி, எதுக்கு எங்க போட்டைப் புடிக்கிறீங்க? நம்பரு தெரியுற மாதிரி எடுக்காதீங்க' என்றார். எல்லை தாண்டியதாகப் படகுகள் பிடிபட்டுக்கொண்டிருந்த காலம். அழகு என்று நான் எடுத்த பதிவெண், அவருக்கு நாளைக்கே யாரோ நீட்டப்போகிற சாட்சியம். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். படத்தை அழிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வருடம் போனபோது அவரே தேடி வந்தார். படகு பிடிபட்டு அந்தக் கரையிலேயே கிடக்கிறதாம், மரமெல்லாம் விட்டுப்போயிருக்கும் என்றார். 'அன்னைக்கு எடுத்தீங்களே, அது இருக்கா?' செல்போனில் காட்டினேன். விரலால் பெரிசாக்கி, பெயர் எழுதிய முகப்பைப் பார்த்தார், பிறகு பின்பக்கம். அங்கே யாரையோ தேடுகிற மாதிரி இருந்தது. மகன் அன்றைக்கு மேலே நின்று ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தானாம்.

அவன் இறங்கிப் போகும்வரை காத்திருந்துதான் அந்தப் படத்தை எடுத்தேன்.