சில்லு வரையும் மென்பொருளுக்கு வாடகை எத்தனை நாள்?

ஒரு சில்லுக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருப்பதைப் படித்திருப்பீர்கள். அவற்றைக் கையால் வரைய முடியாது. மின்சுற்று சரியாக இயங்குமா என்று கணக்கிட்டு, சிலிக்கனில் பதிக்கவேண்டிய படங்களாக மாற்றித் தருவதற்கென்றே மென்பொருள்கள் உள்ளன. உலகச் சந்தையின் பெரும்பகுதி சினாப்சிஸ், கேடென்ஸ், சீமென்ஸ் என்ற மூன்று நிறுவனங்களிடம். ஒரு சாதாரணக் கல்லூரி அவற்றின் முழு உரிமத்தைத் தனியே வாங்க நினைப்பது, பரவைக்குப் பக்கத்தில் வைகையில் கப்பல் விட நினைப்பதைப் போன்றது.

இதற்கு நடுவணரசு 2022இல் ஒரு வழி கண்டது. ‘சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்’ திட்டத்தில் ஐந்தாண்டுகளுக்கு 250 கோடி ரூபாய். 85,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி. பெங்களூர் சி-டாக்கின் ‘சிப்இன்’ மையம் மென்பொருள்களை ஓரிடத்தில் வைத்துக் கல்லூரிகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. பகிர்வது நல்ல யோசனைதான். ஆனால் வகுத்துப் பாருங்கள்: தலைக்கு ஏறத்தாழ 29,400 ரூபாய், ஐந்தாண்டுக்கும் சேர்த்து! 2021 டிசம்பரில் சில்லுத் தொழிலுக்கென அதே அரசு ஒப்புதல் அளித்ததோ 76,000 கோடி. அதில் பெரும்பங்கு தொழிற்சாலைகளுக்கு.

தொகை குறைவு என்பதைவிட, அது எதற்குப் போகிறது என்பதே என் குறை. உரிமம் என்பது வாடகை. காலம் முடிந்தால் வீட்டைக் காலி செய்யவேண்டும். 2025 மே மாதம் இம்மென்பொருள்களைச் சீனாவுக்கு விற்க அமெரிக்கா தடை போட்டது, ஜூலையில் விலக்கிக்கொண்டது. நாளை அக்கதவு யாருக்கு அடைபடும் என்று யாரால் சொல்லமுடியும்?

பொதுப்பணம் வேறுவிதமாகவும் பயன்பட்டிருக்கிறது. மின்சுற்றைக் கணக்கிடும் ‘ஸ்பைஸ்’ நிரல் 1970களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. மூல நிரலோடு கேட்டவர்க்கெல்லாம் அதைக் கொடுத்தார்கள். அதன் வழிவந்த ‘என்ஜிஸ்பைஸ்’ இன்றும் இலவசம். பம்பாய் ஐ.ஐ.டி. அதையும் வேறு சில கட்டற்ற மென்பொருள்களையும் இணைத்து, அரசுப் பணத்தில் ‘இசிம்’ உருவாக்கியிருக்கிறது. பழைய கணிப்பொறியிலும் ஓடும். நம் எம்.எஸ்சி. மாணவர்களில் எத்தனை பேர் அதன் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்?

சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ செயலியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வடிவமைப்பு யாவர்க்கும் திறந்தது. 2018இல் சண்டிகரை அடுத்த மொகாலியிலுள்ள அரசுக் கூடத்தில் 180 நானோமீட்டர் முறையில் அதைச் சில்லாகவும் வார்த்தார்கள். ஆனால் அது எழுதப்பட்ட ‘புளூஸ்பெக்’ மொழியின் தொகுப்பி 2020 வரை வணிகச் சரக்கு. புத்தகம் இலவசம், மூக்குக் கண்ணாடிக்கு உரிமம் வேண்டும் என்ற கதைதான்!

அதே 2020இல் கூகுளும் ஸ்கைவாட்டரும் 130 நானோமீட்டர் உற்பத்தி முறையின் வடிவமைப்பு விதிகளை உலகுக்கே திறந்துவிட்டன. மொகாலி நம் வரிப்பணத்தில் நடக்கும் கூடம். 180 நானோமீட்டர் பழைய முறை. ஒளித்துவைக்க அதில் பெரிய இரகசியம் இல்லை. அதன் விதிகளையும் அவ்வாறே வெளியிட்டு, ஆண்டுதோறும் கட்டற்ற மென்பொருளில் வரைந்த மாணவர் சில்லுகள் சிலவற்றை இலவசமாக வார்த்துக் கொடுக்கட்டும். 250 கோடியில் அதற்கு ஒரு சிறு பங்கு போதும்.