முழங்காலைப் பார்த்து ஒலிக்கும் பெட்டி

பைன் மரமா, பிர்ச் பிளைவுட்டா என்ற வாதம் கிட்டார்காரர்களிடையே மறுபடியும் சூடுபிடித்திருக்கிறது. கையால் செய்யும் ஸ்பீக்கர் கேபினெட்டுகளுக்கு இப்போது நல்ல மவுசு. எத்தனை அடுக்குப் பலகை, மூலையில் என்ன இணைப்பு, முன்துணி எந்த வருடத்து மாதிரி என்று பேச்சு நீண்டுகொண்டே போகிறது. இந்த மோகத்துக்கு ஆதரவாக ஒரு வாதத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்: 1960களின் 4×12 பெட்டி, அதாவது நான்கு 12 இஞ்ச் ஸ்பீக்கர் கொண்ட பெட்டி, அறுபது வருடமாகத் தன்னை நிரூபித்த வடிவம், அதை அளவு பிசகாமல் மறுபடி செய்து தருவதே நல்ல தச்சருக்கு அழகு. நான் இதை ஏற்கவில்லை. அந்த வடிவத்தில் உள்ள ஒரு பெரிய குறையைப் பார்க்காமல் இருப்பதற்குத்தான் மரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம் என்று நெடுநாளாக நினைக்கிறேன்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மரத்துக்குப் பங்கு உண்டு. ஃபெண்டரின் பழைய ட்வீட் ஆம்புகளில் பைன் பெட்டியும் மெல்லிய முன்பலகையும் ஸ்பீக்கரோடு சேர்ந்து அதிரும். 18 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட் அப்படி அசைந்துகொடுக்காது. பின்பக்கம் மூடிய பெட்டியில் கீழ்ச் சுரங்கள் இறுக்கமாக, நெஞ்சில் இடிப்பதுபோல வரும். வாக்ஸ் ஏசி30 போலப் பின்பக்கம் திறந்திருந்தால் ஒலி பின்சுவரில் பட்டு அறைக்குள் பரவும். ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பது மரத்தைவிடப் பெரிய விஷயம். செலஸ்டியன் கிரீன்பேக்கின் உணர்திறன் 98 டெசிபல், விண்டேஜ் 30க்கு 100. இரண்டு டெசிபல்தானே என்று தள்ளிவிட முடியாது; 3 டெசிபல் கூடினால் ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். ஓம் கணக்கைச் சரியாகப் போட வேண்டும், நான்கு ஸ்பீக்கர் கூம்புகளும் ஒரே திசையில் தள்ளுகின்றனவா என்று 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இவற்றில் எனக்கு யாரோடும் சண்டை இல்லை.

என் சண்டை அந்த வடிவத்தோடு. அது எப்படி வந்தது என்பதைப் பாருங்கள். லண்டன் ஹான்வெல்லில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும் 1962இல் ஃபெண்டர் பேஸ்மேனைப் பின்பற்றி ஓர் ஆம்ப் செய்தார்கள். பேஸ்மேனில் இருந்தவை நான்கு 10 இஞ்ச் ஸ்பீக்கர்கள், பின்பக்கம் திறந்த பெட்டி. மார்ஷல் நான்கு 12 இஞ்ச் செலஸ்டியன்களை மூடிய பெட்டிக்குள் வைத்தார். நான்கு எதற்கு? அந்தக் காலத்து ஸ்பீக்கர் ஒன்று 15, 20 வாட்தான் தாங்கும். ஒன்றிரண்டை மட்டும் மாட்டினால் காயில் கருகிவிடும். பெட்டியின் அளவு எப்படி முடிவானது? நான்கும் அடங்கும் வசதியான சிறிய அளவாகப் பார்த்துச் செய்ததுதான் என்று மார்ஷலே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மேல்பாதியின் சாய்வுகூட, மேலே வைக்கும் சிறிய ஆம்போடு பார்வைக்குப் பொருந்துவதற்காக வந்தது. பிறகு தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் வேண்டுமென்று எட்டு ஸ்பீக்கர் பெட்டி கேட்டார். அதைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கு முதுகு ஒடிந்தது. இரண்டாகப் பிரித்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ராக் மேடையின் அடையாளமாகிவிட்ட அந்த அடுக்கு இப்படித்தான் பிறந்தது.

அன்றைக்கு அது நல்ல விடை. மேடையில் டிரம்ஸையும் கிட்டாரையும் மைக் வைத்துப் பெருக்கி அரங்கு முழுவதற்கும் அனுப்பும் வசதி அப்போது கிடையாது. கிட்டார் ஆம்பே கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டியிருந்தது. ஆனால் சத்தத்துக்கும் சுமைக்கும் பலகை அளவுக்கும் விடை தேடிய அந்தக் கணக்கில் ஒரு கேள்வி எழவே இல்லை. ஒலி எந்தத் திசையில் போகும்? கேட்பவரின் காது எங்கே இருக்கிறது?

ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 344 மீட்டர். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர் என்றால், 3000 ஹெர்ட்ஸுக்குப் பதினொன்றரை சென்டிமீட்டர். அலைநீளத்தோடு ஒப்பிட ஸ்பீக்கர் சிறியதாக இருக்கும்வரை ஒலி எல்லாப் பக்கமும் பரவும். ஸ்பீக்கர் பெரிதாகிவிட்டால் ஒலி டார்ச் வெளிச்சம்போல நேராகக் குவிந்து போகும். 12 இஞ்ச் ஸ்பீக்கரில் உண்மையில் அசையும் கூம்பு ஏறக்குறைய 26 சென்டிமீட்டர். அதை வளையாத தட்டாக வைத்துக் கணக்குப் போட்டால், 3000 ஹெர்ட்ஸில் நேர்கோட்டிலிருந்து 32 டிகிரி விலகினாலே ஒலி அறுந்துபோகும். காகிதக் கூம்பு உயர் சுரங்களில் நெளிவதால் நிலைமை அவ்வளவு மோசமாவதில்லை. ஆனாலும் கிட்டாரின் கடி முழுவதும் இருப்பது 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ்வரைதான். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அங்கேதான். ஸ்பீக்கர் டார்ச்சாக மாறுவதும் அதே இடத்தில்.

இப்போது வாசிப்பவரை நிற்க வையுங்கள். ஒரு ஸ்பீக்கர் உள்ள பெட்டி தரையில் இருக்கிறது. கூம்பின் நடு தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றேகால் சாண் உயரம். அவர் ஒன்றரை மீட்டர் முன்னால் நிற்கிறார். காது 165 சென்டிமீட்டர் உயரத்தில். பெட்டியிலிருந்து அவர் காதுக்குக் கோடு இழுத்தால் 40 டிகிரிக்கு மேல் சரிவு. டார்ச் அவருடைய முழங்காலில் அடிக்கிறது. அவருக்குக் கேட்பது மந்தமான ஒலி, அதனால் ட்ரெபிளைத் திருகுகிறார். ஐந்து மீட்டர் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கோ அந்தச் சரிவு 10 டிகிரிதான். வாசிப்பவர் தன் காதுக்காக ஏற்றிய கூர்மை அத்தனையும் அவர் முகத்தில் வந்து குத்துகிறது.

ஒரு நண்பரின் ஒத்திகை அறையில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் வைத்திருந்தது 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று மட்டும் உள்ள, நேர்த்தியாகச் செய்த பைன் பெட்டி. ட்ரெபிள் எட்டில் நின்றது. ஒலி உயிரோடு இல்லை, ஸ்பீக்கரை மாற்ற வேண்டும் என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். கிட்டாரை நான் வாங்கிக்கொண்டு, பெட்டிக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்காரச் சொன்னேன். ஒரே ஒரு ஈ மேஜர். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எழுந்து வந்து ட்ரெபிளை நான்குக்கு இறக்கினார், மறுபடி போய் உட்கார்ந்தார், திரும்ப எழுந்து வந்து மூன்றரைக்கு இறக்கினார். அதே மரம், அதே ஸ்பீக்கர், அதே அறை. இரண்டு வருடமாக அவர் தன் கூட்டாளிகளுக்கும் கேட்க வந்தவர்களுக்கும் என்ன கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது அன்றுதான் அவருக்கே தெரிந்தது.

ஒரு ஸ்பீக்கரிலேயே இப்படி என்றால், இரண்டை அருகருகே வைக்கும்போது இன்னொரு கோளாறு சேர்ந்துகொள்கிறது. இரண்டு கூம்புகளின் நடுவுக்கும் இடையே 33 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் நகர்ந்தவருக்கு ஒன்றின் ஒலி முன்னாலும் மற்றதன் ஒலி சற்றுப் பின்னாலும் வந்து சேரும். அந்த வித்தியாசம் அரை அலைநீளம் ஆகும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 1000 ஹெர்ட்ஸில் அது 31 டிகிரி, 3000 ஹெர்ட்ஸில் 10 டிகிரிதான். அதாவது, படுக்கவைத்த 2×12 பெட்டியின் முன்னால் இரண்டடி நகர்ந்தால் ஒலியின் நிறமே மாறுகிறது. அதே பெட்டியை நிமிர்த்தி வையுங்கள். கூம்புகள் மேலும் கீழுமாக அமையும். அடித்துக்கொள்ளும் கோணங்கள் தரைக்கும் கூரைக்கும் போய்விடும். பக்கவாட்டில் ஒற்றை ஸ்பீக்கரின் பரவல் கிடைக்கும். மேல் கூம்பு வாசிப்பவரின் காதுக்கு இன்னும் நெருங்கிவரும். மாதா கோயில் சுவரில் ஒல்லியாக, நீளமாக நிற்கும் ‘காலம்’ (column) ஸ்பீக்கரைச் செங்குத்தாக மாட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். அதைப் படுக்கவைத்து மாட்ட ஒலி அமைப்பாளர் யாரும் துணியமாட்டார். கிட்டார் பெட்டியில் மட்டும் கைப்பிடி, ரப்பர் கால், முன்னால் ஒட்டும் பெயர்ப்பலகை எல்லாமே படுக்கவைப்பதற்கென்றே அமைகின்றன. 4×12இல் நிமிர்த்தவும் வழியில்லை. எப்படித் திருப்பினாலும் இரண்டு அருகருகேதான் இருக்கும்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானம் எனக்குத் தெரியும். இன்று எல்லா மேடையிலும் பெட்டிக்கு முன்னால் மைக் இருக்கிறது, கேட்பவருக்குப் போவது மைக்கின் ஒலிதான், பெட்டி எங்கே பார்த்தால் என்ன? பெரிய மேடைக்கு இது சரி. ஆனால் கேட்பவரின் காதைப் பெட்டி எட்டவே வேண்டியதில்லை என்றால் நான்கு ஸ்பீக்கர் எதற்கு? மைக் கேட்பது ஒன்றை மட்டும்தானே. எஸ்.எம்.57 மைக்கைக் கூம்பின் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓர் இஞ்ச் நகர்த்திய எவருக்கும் தெரியும், அந்த ஓர் இஞ்ச் செய்யும் மாற்றத்தைப் பைனிலிருந்து பிர்ச்சுக்கு மாறுவது செய்யாது. கேபினெட்டின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுவரும் ஐ.ஆர். கோப்புகளை விற்பவர்கள் ஒரே பெட்டிக்கு மைக் வைத்த இடத்தை மாற்றி மாற்றிப் பல கோப்புகள் தருகிறார்களே, அதுவும் இதற்குச் சாட்சிதான். சின்ன அரங்கிலோ முன்வரிசைக்கு நேராக வருவது பெட்டியின் ஒலியேதான்; மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டார்ச் அவர்கள்மேல் அடிக்கிறது.

பெட்டியை நோக்கித் திரும்பி நின்று, கிட்டாரை ஃபீட்பேக்கில் அலற விடுபவர்களுக்கு அந்தப் பெட்டிச் சுவர் வேண்டும் என்பார்கள். டவுன்ஷெண்டுக்கு வேண்டியிருந்தது, ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கும் வேண்டியிருந்தது. அறுபது பேர் உட்காரும் அறையில் வாசிப்பவருக்கு எதற்கு?

தீர்வுகள் புதியவையும் அல்ல, விலை கூடியவையும் அல்ல. ட்வின் போன்ற ஃபெண்டர் ஆம்புகளுக்கு 1960களிலேயே பின்னால் சாய்க்கும் கால்கள் வந்துவிட்டன. கூம்பின் நடுவுக்கு முன்னால் சிறு தடுப்பு வைத்து உயர் சுரங்களைச் சிதறவிடலாம். 10 இஞ்ச் ஸ்பீக்கர் 12 இஞ்சைவிட அகலமாகப் பரப்பும். மார்ஷல் நகலெடுத்த பேஸ்மேனிலேயே அது இருந்தது. 100 வாட் தாங்கும் ஸ்பீக்கர் இன்று ஒற்றையாகவே கிடைக்கிறது, நான்கு மாட்டியாக வேண்டிய பழைய கட்டாயம் போய்விட்டது. முன்பலகையைச் சில டிகிரி மேல்நோக்கிச் சாய்த்து அறுக்கத் தச்சருக்கு அரை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். மூலையிணைப்பை நான்கு நாள் செதுக்குபவர்கள் அந்த அரை மணி நேரத்தைச் செலவிடுவதில்லை. பழைய அளவில் முழு முன்பலகைக்குமான அந்தச் சாய்வு கிடையாதே!

வாங்குபவர் எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதும் இதனால் கெட்டுப்போகிறது. ஸ்பீக்கர் நிறுவனங்கள் வெளியிடும் அதிர்வெண் வரைபடம் வழக்கமாகக் கூம்பின் நேர்கோட்டில் அளந்தது, வாசிப்பவரின் காது ஒருபோதும் இருக்காத இடத்தில். 30 டிகிரியில், 45 டிகிரியில் என்ன கேட்கும் என்று இன்னும் இரண்டு கோடுகள் அதே படத்தில் வரைந்துவிடலாம். வீட்டில் கேட்கும் ஹை-ஃபை ஸ்பீக்கரை ஆராய்பவர்கள் அதைத்தான் முதலில் தேடுகிறார்கள். கிட்டார் கேபினெட் விற்பவர்கள் மரத்தின் பெயரையும் துணியின் பெயரையும் பசையின் பெயரையும்கூடச் சொல்கிறார்கள். அந்த இரண்டு கோடுகளைக் கேட்டால் இதுவரை யாரும் கேட்டதில்லை என்கிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.