கமலாவின் பதில் எங்கே?

புதுமைப்பித்தன் தன் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்களை இளையபாரதி தொகுத்தார். 'கண்மணி கமலாவுக்கு' என்ற பெயரில் 1994இல் அது புத்தகமாக வந்தது. தமிழில் காதல் கடிதம் என்று பேச்செடுத்தால் இலக்கியக்காரர்கள் உடனே கைகாட்டுவது இந்தப் புத்தகத்தைத்தான். காட்டட்டும். சேரியில் பிறந்த ஒரு வாசகர் அதை எப்படி வாசிப்பது என்பதுதான் என் கேள்வி.

இது கல்யாணத்துக்கு முந்தின காதல் இல்லை. 1932இல் வீட்டார் பார்த்து முடித்த கல்யாணம். அப்புறம் பிழைப்பு இவரைச் சென்னையில் பத்திரிகை ஆபீசில் கட்டிப்போட்டது. கமலா மாதக்கணக்கில் திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டில். தாலி முந்திக்கொண்டது, காதல் பின்னாடி தபாலில் வந்தது. சொந்த சாதிக்குள்ளே பெண் பார்த்து முடிக்கிற சமூகத்தில் காதலுக்குக் கிடைத்த இடம் அதுதான். பாரதி கதையும் இதே. 1897இல் கல்யாணம் நடந்தபோது செல்லம்மாவுக்கு ஏழு வயசு. புருஷன் காசிக்குப் போனபிறகுதான் கடிதம்.

புதுமைப்பித்தன் கடிதங்களில் கொஞ்சல் ஒரு வரி என்றால் அடுத்த வரி பணம். வரவேண்டியது இன்னும் வரவில்லை, வந்ததும் அனுப்புகிறேன். பறிகொடுத்த குழந்தையின் துக்கம் இருவருக்கும் நடுவில் கிடக்கிறது. கதைகளில் கடவுளையே கந்தசாமிப் பிள்ளை வீட்டுக்குக் கூட்டிவந்து கிண்டல் செய்த மனுஷன், இங்கே கெஞ்சுகிறார், சமாதானம் சொல்கிறார், தைரியமாயிரு என்று திரும்பத்திரும்ப எழுதுகிறார். 1948இல் சினிமா வேலைக்குப் புனே போய், காசநோயோடு திருவனந்தபுரம் வந்து அதே வருஷம் செத்துப்போனார். இது தெரிந்து வாசிக்கிறபோது மனசு கனக்கத்தான் செய்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் பிரதியில் ஒரு பெரிய மௌனம் இருக்கிறது. கமலா எழுதியது புத்தகத்தில் இல்லை. அவர் அழுதாரா, சண்டை போட்டாரா, பணம் எங்கே என்று கேட்டாரா எல்லாவற்றையும் புருஷனுடைய பதிலை வைத்து நாம்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. கமலா எழுதத் தெரியாதவர் இல்லை. சிறுகதைகள் எழுதியவர். 'காசுமாலை' என்று அவருடைய தொகுப்பே இருக்கிறது. அப்படிப்பட்ட பெண்ணை நாம் 'யாருக்கு' என்ற வேற்றுமை உருபோடு நிறுத்திவிட்டோம். தாம்பத்தியத்தில் பாதியை வாசித்துவிட்டு முழுசாகப் புல்லரித்துப்போவது என்ன விமர்சனம்?

சரி, அங்கே பாதியாவது இருக்கிறது. நமக்கு?

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935இல் வந்த கதை. திருநெல்வேலிச் சேரிப்பெண் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். அந்தக் கதையில் தலித்துகளை அவர் பார்த்த பார்வை பற்றி ராஜ் கௌதமன் போன்றவர்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள், அதை இங்கே திரும்பச் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. மருதிகள் ஆயிரக்கணக்கில் இலங்கைக்கும் பர்மாவுக்கும் நேட்டாலுக்கும் போனார்கள். புருஷன் ஒரு கரை, பெண்டாட்டி ஒரு கரை. அவர்களுக்குள் பிரிவு இல்லையா, ஏக்கம் இல்லையா? இருந்தது. கடிதம்தான் இல்லை.

காதல் கடிதம் என்பது மனசு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. எழுத்து வேண்டும், தபாலாபீசுக்கு நடக்கத் தெரு வேண்டும். பொதுத்தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் எல்லாம் எல்லாருக்கும் உரியது என்று சென்னை சட்டசபையில் ரெட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது 1924இல். தபாலாபீஸ் ஊர்த்தெருவில், அந்தத் தெருவில் நாம் நடக்கக்கூடாது என்றால் தபால்பெட்டி எங்கே இருந்தால் நமக்கென்ன?

எல்லாவற்றுக்கும் மேலே, வந்த கடிதத்தைத் தனியாக வாசிக்கிற கண் வேண்டும். எங்க பூந்தமல்லிப் பக்கம் சின்ன வயசில் நானும் தெருவுக்கே கடிதம் வாசித்திருக்கேன். பக்கத்து வீட்டு அத்தையின் புருஷன் வெளியூர் வேலையில். இன்லேண்டு வரும். நலம், நலமறிய ஆவல், பணம் அனுப்பியிருக்கேன், ஆடு விற்க வேண்டாம், பையனை ஸ்கூலுக்கு அனுப்பு. அவ்வளவுதான். அத்தை மடித்த கடிதத்தை வாங்கிக்கொண்டு, "கண்ணு, கடைசியில வேற ஒண்ணும் எழுதலியா?" என்பார். இல்லை அத்தை என்பேன். ஒன்பது வயசுப் பிள்ளை சத்தம்போட்டு வாசிக்கப்போகிற கடிதத்தில் எந்த ஆம்பளை ஆசையை எழுதுவான்? அதை அந்த மாமா நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார். மணியார்டர் கூப்பனில் இரண்டு வரி இருக்கும், அதிலும் பணக்கணக்கு. அத்தை அந்தக் கூப்பன்களைத் தகரப்பெட்டியில் புடவைக்கடியில் வைத்திருந்தார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்மவர்கள் எழுதவே இல்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகைக்குக் கோலார் தங்கவயலிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் எழுதினார்கள். சர்க்காருக்கு மனுமேல் மனு போட்டார்கள். ஆக, கிடைப்பதெல்லாம் பொதுவெளிக்கு எழுதியது. ரெட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்க'த்திலும் நிறைந்திருப்பது பொதுவாழ்வுதான். உரிமைக்குச் சண்டை போடவே மை போதாதவர்களிடம் படுக்கையறை எழுத்தைக் கேட்பது அநியாயம்தான். இருந்தாலும் அது இல்லாமல்போன நஷ்டம் நம்முடையது. தலித் எழுத்து என்றாலே அடிபட்ட கதையை மட்டும் எடுத்துவா என்று கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். நாமும் சில நேரம் அதையே கொடுத்துப் பழகிவிட்டோம்.

அம்பேத்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்த வருஷங்களில் ராமாபாய் பம்பாயில் பட்டினியோடு குடும்பம் நடத்தினார். 1935இல் இறந்துபோனார். பிறகு பாகிஸ்தான் பிரச்சினை பற்றி எழுதிய புத்தகத்தை அம்பேத்கர் அவர் நினைவுக்குச் சமர்ப்பித்தார். அதில் 'ராமு' என்று செல்லப்பெயரால்தான் குறிப்பிடுகிறார். நண்பர்கள் யாருமில்லாத வறுமை நாட்களில் கூட நின்றவளின் குணத்தைச் சொல்லி நன்றி சொல்கிறார். அரசியல் நூலின் முதல் பக்கத்தில், ஊரறிய, வாசிக்க ஆளில்லாத பிறகு எழுதின கடிதம் அது. 'கண்மணி கமலாவுக்கு' நூலுக்குப் பக்கத்தில் இந்தச் சமர்ப்பணப் பக்கத்தையும் வைத்து வாசிக்க வேண்டும். நம்ம ஆட்களுக்குக் காதலைச் சொல்ல எந்த இடம் மிச்சமிருந்தது என்பது அப்போது தெரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் ஆவடி பாக்டரிக்கும் கிராமத்திலிருந்து வந்து வேலை பார்த்தவர்களின் வீடுகளில் பரணில் இன்னும் பெட்டிகள் கிடக்கின்றன. இன்லேண்டு, போஸ்ட்கார்டு, கூப்பன், கடிதத்தின் ஓரத்தில் கைநாட்டு, எது இருந்தாலும் சரி. கரையான் அரிப்பதற்குள் வீட்டுப் பெண்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும், நகல் எடுத்துவையுங்கள். எழுதினது யார் என்பதோடு வாசித்துக்காட்டினது யார் என்பதையும் குறித்துவையுங்கள்.