அவர் வீடு, இவர் வீடு, நடுவில் நெடுஞ்சாலை

சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். 2024 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிய வந்தே பாரத் ரயில் ஒன்பது மணி நேரத்துக்குள் அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். அதே தூரத்தை ஒரு கணவனும் மனைவியும் காரில் போய், விழுப்புரத்தில் பெரியப்பா, திருச்சியில் கல்லூரித் தோழி, மதுரையில் கணவரின் அக்கா, கோவில்பட்டியில் பழைய வகுப்புத் தோழன், திருநெல்வேலியில் சித்தி என்று இறங்கி இறங்கிக் கடந்தால் ஒரு வாரமாவது ஆகும். அப்படிப் போகிறவர்களில் பலர் அதை ரசிக்காமலே திரும்புகிறார்கள். சிலர் அதைச் சுற்றுலாவாக எண்ணி, கோயில் பார்க்க நேரமில்லாமல் உறவுக்காரர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்களே என்று சலித்துக்கொள்வார்கள். வேறு சிலருக்கு அது வரிசையாகத் தலையைக் காட்டிவிட்டு வரவேண்டிய கடமை. இரண்டு கூட்டத்தாரும் கைக்கெட்டிய ஒன்றை விட்டுவிடுகிறார்கள். தன்னுடன் வாழும் மனிதர் வீட்டுக்கு வீடு வேறொரு ஆளாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும், அடுத்த வீடு வருவதற்குள் அதை இருவருமாகப் பேசித் தீர்ப்பதும்தான் இந்தப் பயணத்தின் சுவை. ஊர், உணவு, காட்சி எல்லாம் அதற்குத் துணைதான்.

ஒருவரைத் திருமணத்தின் வழியாக அறிகிறவருக்கு அவருடைய முதல் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் செவிவழிச் செய்தி மட்டுமே. அந்த ஆண்டுகளுக்கான சாட்சிகள் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறார்கள். அலுவலகத்தில் இருபது பேருக்கு வேலை சொல்லும் பெண், பெரியப்பா வீட்டில் நுழைந்ததும் யாரும் சொல்லாமலே சமையலறை வாசல்படியில் போய் உட்காருகிறாள் என்றால், அவள் எங்கே வளர்ந்தாள் என்பதை அந்த வாசல்படி சொல்கிறது. வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத கணவர் கோவில்பட்டித் தோழனைப் பார்த்ததும் நாற்பது நிமிடம் நிறுத்தாமல் பேசுகிறார், அதுவும் சென்னையில் ஒருநாளும் வெளியே வராத ராகத்தில். இதைக் கவனிப்பதற்கு ஒரு முறை உண்டு. எந்த வீட்டிலும் இருவரில் ஒருவர் உள்ளாள், மற்றவர் விருந்தாளி. அந்த வேளையில் விருந்தாளியின் வேலை கேட்பது. ‘சின்ன வயசுல இவர் எப்படி?’ என்ற பொதுக் கேள்விக்கு ‘ரொம்ப வாலு’ என்ற பொதுப் பதில்தான் வரும். ‘மழை பெய்தால் இந்த வீட்டில் எல்லாரும் எங்கே படுப்பீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரியம்மா எழுந்து வந்து இடத்தைக் காட்டுவார். யார் யார் எந்த மூலை, யார் உதைத்தது, யார் அழுதது எல்லாம் தானாக வரும். கதை சொல்லும்போது உள்ளாள் குறுக்கே புகுந்து திருத்தாமல் இருப்பது நல்லது. திருத்தத்தைக் காருக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

நம்மிடம் இதற்கு ஏற்கெனவே ஒரு ஏற்பாடு உண்டே என்று தோன்றலாம். கல்யாணம் முடிந்ததும் மறுவீடு, பிறகு வீடு வீடாக விருந்து, தலைதீபாவளி. திருநெல்வேலிப் பக்கத்தில் மறுவீட்டுச் சாப்பாட்டுக்கென்றே சொதி இருக்கிறது. ஆனால் அந்தச் சுற்றில் தம்பதி பார்க்கிறவர்கள் அல்ல, பார்க்கப்படுகிறவர்கள். புதுப்புடவையும் புதுச்சட்டையுமாக உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டு, கேட்டதற்குச் சிரிப்பதற்கே நேரம் சரியாக இருக்கும். யாரும் உண்மையான கதை எதையும் சொல்ல மாட்டார்கள்; மாப்பிள்ளை காதில் விழக்கூடாதென்று பாதியை விழுங்குவார்கள். பத்து, பதினைந்து ஆண்டு கழித்து அதே வீடுகளுக்குப் போனால் விழுங்கிய பாதி வெளியே வருகிறது. அதற்குள் வீட்டிலும் கூட்டல் கழித்தல் நடந்திருக்கும்: சொதி வைத்த கை இப்போது நடுங்கும், பெரியப்பாவின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். எனவே இந்தப் பயணத்துக்கு உகந்த வயது நடுவயது என்றே சொல்வேன். கேட்கப் பொறுமை வந்திருக்கும். சொல்ல ஆளும் மிச்சமிருக்கும்.

கண்டதும் கேட்டதும் அந்தந்த வீட்டோடு நின்றுவிட்டால் பயன் பாதிதான். அதற்குத்தான் சாலை. முன் இருக்கையில் இருப்பவர்கள் இருவருமே எதிரே பார்த்தபடி பேசுகிறார்கள். சேர்ந்து கீரை ஆய்கிறவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. மறைத்து வைத்ததெல்லாம் வாய்க்கு வருவது அப்போதுதான். ‘உங்க அக்கா அந்தச் சம்பவத்தை ஏன் இப்படிச் சொன்னார்?’ என்று வீட்டின் கூடத்தில் கேட்டால் அது விசாரணை. விருதுநகரைத் தாண்டும்போது கேட்டால் பேச்சு. வீடுகளை ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணி நேர இடைவெளியில் அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது இதனால்தான். சென்னையிலிருந்து விழுப்புரம் சுமார் 160 கிலோமீட்டர், அங்கிருந்து திருச்சிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே, திருச்சியிலிருந்து மதுரை சுமார் 135, மதுரையிலிருந்து திருநெல்வேலி மறுபடியும் 160க்குப் பக்கம். ஏதோ இதற்காகவே அளந்து போட்டதுபோல இருக்கிறது. ஒரே ஊரில் நாலு வீடு ஏறி இறங்குவது வேறு கதை. மூன்றாவது வீட்டில் முதல் வீடு மறந்துபோகும். காபி மட்டும் நாலு குடித்திருப்போம்.

வழியையும் வீடுகளையும் சேர்த்தே ரசிக்கும் வழக்கம் தமிழில் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லூர் நத்தத்தனார் பாடிய 269 அடிகள். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், நடந்து களைத்த விறலியரோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போகும் வழியைச் சொல்கிறான். மைல் கணக்கு எதுவும் இல்லை. எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டில் சுட்ட மீன், வேலூரில் எயினர் வீட்டில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும் என்று, நிலம் மாற மாற எந்த வீட்டில் என்ன கிடைக்கும் என்பதே வழிக்குறிப்பு. எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்பார்கள் ஆய்வாளர்கள். நல்லியக்கோடனின் கிடங்கில் என்ற ஊர் இன்று திண்டிவனத்துக்குள் இருக்கிறது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியை நோக்கி விரைகிற ஒவ்வொரு காரும் அந்தப் பாணர்களின் நாட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் போகிறது.

அந்தப் பாட்டில் உள்ளதுபோல நிலத்தின் மாற்றத்தைக் கவனித்தால் அடுத்த வீட்டின் மனிதர்களும் பாதி புரிந்துவிடுவார்கள். செங்கல்பட்டைத் தாண்டியதும் பாலாறு. மழைக்காலம் தவிர்த்தால் நீளமான பாலமும் மணலும்தான். பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் மண், மக்காச்சோளம், பருத்தி, செட்டிகுளம் வட்டாரத்தில் சின்ன வெங்காயம். சமயபுரத்தைக் கடந்து கொள்ளிடம் வந்ததும் பச்சை. விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி மறுபடியும் கரிசல். தண்ணீரைப் பற்றிய பேச்சில் ஒரு கண்டிப்பு வந்துவிடும். கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் கி. ராஜநாராயணனின் ஊர். அந்த வட்டாரத்தின் பேச்சுக்கே தனி அகராதி தொகுத்தவர் அவர். காரில் இருப்பவர்களில் ஒருவர் அந்த மண்ணில் பிறந்தவர் என்றால், ஊர்ப்பெயர்ப் பலகைகளைப் பார்த்ததுமே அவர் பேச்சு மாறத் தொடங்குவதைக் கேட்கலாம். பணகுடிக்குத் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று காரைத் தள்ளும், முப்பந்தலின் காற்றாலைகள் சுழலும். அதைத் தாண்டினால் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நிலம். சமையலில் தேங்காயெண்ணெய் மணக்கும், மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் தட்டில் வரும். இதெல்லாம் நான்கு வழிச்சாலையில் தெரியாது என்று சொல்வார்கள். பாதி உண்மை. புறவழிச்சாலைகள் ஊர்களை ஒதுக்கிவிட்டன. சாத்தூரைப் பெயர்ப்பலகையாக மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம். எனவே இரண்டு மூன்று ஊர்களிலாவது பழைய சாலையில் உள்ளே புகுந்து போக வேண்டும். சாத்தூர்க் கடைத்தெருவில் காராச்சேவு வாங்கி நாகர்கோவில் வீட்டுக்கும், கோவில்பட்டிக் கடலைமிட்டாயைத் திருநெல்வேலிக்கும் கொண்டுபோகலாம். சென்னையில் மொத்தமாக வாங்கிய இனிப்புப் பெட்டிகளைவிட, முந்தின ஊரின் பண்டம் அடுத்த வீட்டில் நல்ல பேச்சைத் தொடங்கிவைக்கும்.

வீடுகளின் வரிசையில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு தேவை. அவர் பக்கம் ஒன்று, இவர் பக்கம் ஒன்று, நடுநடுவே நண்பர்கள் என்று மாறி மாறி வர வேண்டும். அவர் பக்கத்து வீடுகள் நாலையும் ஒரே மூச்சில் முடித்தால், நாலு நாள் ஒருவரே விருந்தாளியாக இருந்து களைத்துப்போவார். நண்பர் வீட்டில் யாரும் யாருக்கும் மருமகள் இல்லை, மாப்பிள்ளை இல்லை. காலை நீட்டி உட்காரலாம்.

இனி மறுப்புகள். ரயில் வேகம், களைப்பில்லை, செலவும் குறைவாக இருக்கலாம். உண்மை. ஆனால் ரயில் ஒரு கடைசி ஊருக்குக் கொண்டுபோகும். நடுவிலுள்ள வீடுகள் ஜன்னலுக்கு வெளியே போய்விடும். மேலும் பக்கத்து இருக்கைக்காரர் காதில் விழ அக்காவைப் பற்றிப் பேச முடியாது. இரவில் ஓட்டிப் பொழுதை மிச்சம் பிடிப்பதை மட்டும் எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த மாட்டேன். விடியலுக்கு முந்தைய மணிகளில் கண் அயர்ந்து நடந்த விபத்துகளைப் பற்றி நெடுஞ்சாலையோர ஊர் எதில் கேட்டாலும் சொல்வார்கள். அடுத்த மறுப்பு, வீட்டுக்காரருக்குத் தொந்தரவு என்பது. வேலைக்குப் போகும் தம்பதிகள் வாழும் இரண்டறை வீட்டில், முன்னறிவிப்பில்லாத விருந்தாளி பாரம்தான். இரண்டு நாள் முன்னால் போன் செய்து, ஒரு வேளைச் சாப்பாடு அல்லது ஒரு இரவு என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் அந்தப் பாரம் குறையும். ‘எதுவும் செய்ய வேண்டாம்’ என்று சொல்வதைவிட ‘இட்லி போதும்’ என்று சொல்வது மேல். முதலாவதை யாரும் நம்புவதில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கணவர் கூடத்தில் கதை பேச, மனைவி எல்லா வீட்டிலும் காய் நறுக்கிக்கொண்டிருந்தால் யாருடைய ரசனை இது? இதற்கு மழுப்பலான பதில் கிடையாது. கூடத்தில் இருப்பவர் கேட்பது ஒரு கதை, சமையலறையில் இருப்பவர் கேட்பது இன்னொன்று, பெரும்பாலும் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது இரண்டாவதுதான் என்று ஆறுதல் சொல்லலாம். ஆனாலும் நறுக்கிய கை நறுக்கியதுதான். தட்டு எடுப்பதில் ஆண் முதலில் எழுந்தால் அந்த வீட்டு அத்தை முதலில் பதறுவார், பிறகு பழகிக்கொள்வார். ஓட்டத் தெரிந்தால் இருவரும் மாறி மாறி ஓட்ட வேண்டும். ஓட்டுகிறவர் நிறுத்தும் இடத்தைத் தீர்மானிக்கிறார், பேச்சின் போக்கையும் கூடவே தீர்மானித்துவிடுகிறார். அந்த அதிகாரம் ஒருவரிடமே 700 கிலோமீட்டரும் இருக்கக் கூடாது.

கதவே திறக்காத வீடுகளும் இருக்கின்றன. சாதி மாறி மணந்தவர்களுக்குச் சில ஊர்களில் நுழைவில்லை. குழந்தை இல்லாதவர்களிடம் ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்ற கேள்வியைக் காபிக்கு முன்னாலேயே நீட்டுகிறவர்கள் உண்டு. உறவு என்றால் எல்லாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. துணை அவமானப்படும் வீட்டில் அவரைப் பற்றி அறிந்துகொள்ள ஒன்றுமில்லை. அந்த வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம், அதற்கு ஒருமுறை போதும். அப்படிப்பட்டவர்களின் வரைபடத்தில் நண்பர்கள் பெருகட்டும். விடுதியில் அறையைப் பகிர்ந்தவர், முதல் வேலையில் மேசையைப் பகிர்ந்தவர், கல்யாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் ஆகியோரின் வீடுகளும் அதே வேலையைச் செய்யும். சித்தப்பாவுக்குத் தெரியாத ஆள் ஒருவரை அவர்கள் அறிவார்கள்.

திரும்பும் வழி வேறாக இருக்கட்டும். வந்த பாதையிலேயே திரும்பினால் ‘போகும்போது ஒரு எட்டு வந்துட்டுப் போங்க’ என்று சொன்ன வீடுகள் எல்லாம் காத்திருக்கும். தூத்துக்குடிக்கு வந்து ராமநாதபுரம், நாகப்பட்டினம், சிதம்பரம், புதுச்சேரி என்று கடலையொட்டி வரும் 32ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இருக்கிறது. தூரம் அதிகம், சில பகுதிகளில் வேகம் குறைவு. இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கும். நடுவில் வரும் இரவை உறவுக்காரர் யாரும் இல்லாத ஊரில், ஒரு லாட்ஜில் கழிக்கலாம். கேட்டதையெல்லாம் ஒப்பிட்டு, யார் சொன்னது நிஜம், யார் மிகைப்படுத்தினார், யாருக்கு மறுபடி போன் செய்ய வேண்டும் என்று பேசி முடிக்க அந்த ஒரு இரவு சரியாக இருக்கும். ஊருக்கு வந்த பிறகு என்று தள்ளிப்போட்டால், பால்காரரும் அலுவலகமும் முந்திக்கொள்வார்கள்.