சத்தம் நின்றால் போதுமா? குறட்டைக் கருவியோடு மூன்று மாதம்

குத்துச்சண்டை வீரர்கள் வாயில் வைத்துக்கொள்ளும் பற்காப்பு இரண்டை மேலும் கீழுமாக அடுக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது. கண்ணாடி போலத் தெளிந்த ஆக்ரிலிக். பேட்டரி கிடையாது, ப்ளூடூத் கிடையாது, ஆப் கிடையாது. விலை மட்டும் ஒரு நல்ல ஸ்மார்ட்ஃபோனுக்குச் சமம். பல் டாக்டர் இதை என் உள்ளங்கையில் வைத்தபோது, இதில் டெஸ்ட் செய்ய என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். பதில் கிடைக்க மூன்று மாதம் ஆனது.

பல் டாக்டரிடம் போன கதை

குறட்டை எங்கள் வீட்டில் பரம்பரைச் சொத்து. அப்பா விட்டார், நான் விடுகிறேன். என் குறட்டை நடுவில் பட்டென்று நிற்கும். சில நொடி நிசப்தம். பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கியவன் போல ஒரு பெருமூச்சு. "சத்தம் போட்டாக்கூடப் பரவாயில்லைங்க. சத்தம் நிக்கும்போதுதான் பயமா இருக்கு" என்றாள் மனைவி. பகலில் சிக்னலில் வண்டி நிற்கும்போதே எனக்குக் கண் செருகியது.

விரல், மார்பு, மூக்கு எல்லாவற்றிலும் ஒயர் மாட்டி ஓர் இரவு ஸ்லீப் டெஸ்ட். வந்த எண் 22. தூக்கத்தில் மணிக்குச் சராசரியாக 22 முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது. ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 நொடி. 5-க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. என்னுடையது நடுத்தர ஸ்லீப் அப்னியா.

முதலில் கொடுத்தது சிபாப். மூக்கில் மாஸ்க், அதில் ஒரு குழாய், குழாய் வழியே வரும் காற்றழுத்தம் தொண்டையை மூடவிடாது. சிட்னியில் கொலின் சல்லிவன் 1980-ல் உருவாக்கியது. இன்றைக்கும் மற்ற சிகிச்சைகளை இதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள். மாட்டியிருந்த நேரத்தில் என் 22 வெறும் 2 ஆனது. ஆனால் மூன்று மணி நேரம்தான். அதற்குமேல் தூக்கத்திலேயே பிடுங்கிப் போட்டுவிடுவேன். மாஸ்க்கை மாற்றிப் பார்த்தும் பலனில்லை. கடைசியில் தூக்க மருத்துவரே ஒரு பல் டாக்டருக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார்.

எப்படி வேலை செய்கிறது?

ஆபரேஷன் தியேட்டரில் நோயாளி மயங்கியதும் மயக்க மருத்துவர் அவர் தாடையைக் கையால் முன்னுக்குத் தூக்கிப் பிடிப்பார். நாக்குத் தசை கீழ்த்தாடை எலும்பில் வேர்விட்டிருக்கிறது. தாடை முன்னே வந்தால் நாக்கும் கூடவே வரும், அதன் பின்னால் மூச்சுக்கு வழி கிடைக்கும். அந்தக் கையின் வேலையை இரவு முழுக்க இந்த இரண்டு தகடுகள் செய்கின்றன. கீழ்த்தகட்டில் இருபுறமும் சிறு துடுப்புகள். அவை மேல்தகட்டின் முனையில் முட்டி, தாடையைப் பின்னே நழுவவிடாமல் தடுக்கின்றன. ஒரு குட்டிச் சாவியால் பக்கவாட்டுத் திருகைத் திருப்பினால் தாடை 0.1 மில்லிமீட்டர் முன்னே நகரும்.

அளவெடுப்பு

முதல் நாள் டாக்டர் அச்சு எடுக்கவே இல்லை. எக்ஸ்ரே, ஈறு, காதருகே தாடை மூட்டு, எத்தனை பல் உறுதியாக நிற்கிறது என்ற கணக்கு. ஈறு நோய் இருந்தாலோ, பிடிமானத்துக்குப் பல் போதவில்லை என்றாலோ இது ஒத்துவராது. "ஸ்லீப் டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம யார் வந்தாலும் நான் செய்யறதில்ல சார்" என்றார். முன்பே ஆன்லைனில் ஒரு மலிவுச் சரக்கு வாங்கியிருந்தேன். வெந்நீரில் போட்டு இளக்கி, கடித்து வடிவம் கொடுக்கும் ரகம். மூன்றாம் நாள் அது தலையணைக்கடியில் கிடந்தது. அதைச் சொன்னதும் சிரித்தார்.

அடுத்த முறை அளவு பார்த்தார். என் தாடை பின்கோடியிலிருந்து முன்கோடி வரை 10 மில்லிமீட்டர் நகர்கிறது. 6-ல் தொடங்கினோம்.

மூன்று மாத அனுபவம்

முதல் வாரம் தலையணை உறை நனைந்தது. எச்சில் அப்படி ஊறியது. காலையில் கன்னத்து எலும்பருகே வலி, நேற்று முழுக்கக் கரும்பு கடித்தது போல. இரண்டாம் வாரம் இரண்டும் அடங்கின.

மூன்றாம் வாரம், 6.5 மில்லிமீட்டரில், குறட்டை நின்றது. "நேத்து சத்தமே இல்லைங்க!" என்று காபியோடு வந்தாள் மனைவி. நான் மனதுக்குள் ஐந்து ஸ்டார் போட்டுவிட்டேன்.

டாக்டர் போடவில்லை. கருவியை மாட்டியபடியே மறுபடி ஸ்லீப் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். எண் 15. குறட்டை போயிருந்தது, மூச்சுத்தடை மூன்றில் இரண்டு பங்கு அப்படியே இருந்தது. முன்பாவது சத்தம் காட்டிக்கொடுத்தது. இப்போது அதுவும் இல்லை. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தபோது எனக்கே சில்லிட்டது.

வாரத்துக்குச் சில திருப்பல் என்று மெல்ல நகர்த்தி 7.5-ல் நிறுத்தினோம். மூன்றாவது டெஸ்ட்டில் எண் 8. சிக்னலில் கண் செருகுவதும் நின்றது.

சிபாப்பா, இதுவா?

8-ஐவிட 2 சிறந்தது, சந்தேகமில்லை. ஆனால் என் ஏழு மணி நேரத் தூக்கத்தைக் கணக்குப் போட்டேன். சிபாப்போடு மூன்று மணி நேரம் 2, கழற்றிய பின் நான்கு மணி நேரம் பழைய 22. சராசரி 13-க்கு மேல். இதை ஏழு மணி நேரமும் போடுகிறேன்: 8. என் அனுபவம் மட்டுமல்ல. 2013-ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 108 பேர் இரண்டையும் தலா ஒரு மாதம் பயன்படுத்தி முடித்தார்கள். மூச்சுத்தடையைக் குறைப்பதில் சிபாப்தான் ஜெயித்தது. ஆனால் இரவில் பயன்படுத்திய நேரம் சிபாப் 5.2 மணி, தாடைக் கருவி 6.5 மணி. ஒரு மாத முடிவில் உடல்நலப் பலன்கள் ஏறக்குறைய சமமாக இருந்தன.

மின்வெட்டில் இது நிற்காது. பாண்டியன் எக்ஸ்பிரஸ் அப்பர் பெர்த்தில் பிளக் பாயிண்ட் தேட வேண்டாம். சட்டைப் பையில் டப்பா போதும்.

குறைகள்

காலையில் கழற்றியதும் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேராது. முதல் அரை மணிக்கு இட்லி சரி, முறுக்கு வேண்டாம். இதற்கென்றே தந்த சின்னக் கடிப்பானைப் பத்து நிமிடம் கடித்தால் தாடை பழைய இடத்துக்கு வரும். வருடக்கணக்கில் போட்டால் பற்களே சற்று நகரக்கூடும், கடி மாறக்கூடும். ஆகவே பல் டாக்டரோடு உறவு நிரந்தரம். வெந்நீரில் கழுவினால் வளையும். பற்பசை தேய்த்தால் கீறும். குளிர்ந்த நீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். எத்தனை மணி நேரம் போட்டோம் என்று சிபாப் எண்ணி வைக்கும். என் கருவிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

யாருக்கு?

லேசான, நடுத்தர அப்னியா உள்ளவர்களில் சிபாப் ஒத்துவராதவர்களுக்கு, தாராளமாக. எண் 30-ஐத் தாண்டியவர்கள் முதலில் சிபாப்போடு மல்லுக்கட்டிப் பாருங்கள். மூளையே மூச்சுக்கு உத்தரவு கொடுக்க மறக்கும் வகை அப்னியாவுக்குத் தாடையை இழுத்துப் பயனில்லை.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. அதில் இரண்டுதான் கருவிக்கு; மற்ற இரண்டு, காதை நம்பாமல் எண்ணைக் கேட்ட டாக்டருக்கு. வாங்குவதாக இருந்தால், மாட்டிக்கொண்டு எடுக்கும் இரண்டாவது ஸ்லீப் டெஸ்ட்டின் செலவையும் கருவி விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.